நாற்பதுக்கு மேல் நட்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் கம்பனைப் பற்றியும் வள்ளுவனைப் பற்றியும் கற்றுத் துறைபோகியவர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எமக்கு அத்தகைய புலமைப் பேச்சு வராது. ஆதலால், நம் காலனியில் நாள்தோறும் கண்ணெதிரே நிற்கும் ஒரு செய்தியையே பேச எடுத்துக்கொண்டோம். நாற்பதைக் கடந்த ஆடவர்கள் தம் நண்பரிடத்தில் அன்பைப் பற்றியும், மூப்பைப் பற்றியும், மனைவி மக்கள் உறவைப் பற்றியும் மனம் திறந்து பேசுகிறார்களா? பேசத்தான் வேண்டுமா? பேசினால் யாருக்கு நன்மை? இவையே இன்றைய வினாக்கள்.

தலைப்பைக் கேட்டவுடன் முன்வரிசை நண்பர்கள் சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் தெரிகிறது. ஐம்பதை நெருங்கும் ஆண்பிள்ளைகளுக்குக் காதலும் கத்தரிக்காயும் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்வியிலேதான் நம் நோய் இருக்கிறது என்பது எமது எண்ணம்.

நாம் ஒருவரோடொருவர் பேசாதவர்கள் அல்லோம். ஊதியக் குழுவைப் பற்றிப் பேசுகிறோம்; அகவிலைப்படி, இடமாற்றம், பதவி உயர்வு, மகனுடைய நுழைவுத் தேர்வு, மகளுக்குப் பார்த்திருக்கும் வரன், ஊரில் உள்ள பூர்விக வீட்டின் பங்கு ஆகிய எல்லாவற்றையும் பேசுகிறோம். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று புள்ளி பிசகாமல் சொல்லுகிறோம். ஆனால் வீட்டில் மனைவியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் மற்றவர் சொல்வதில்லை. உடம்பின் கணக்கை ஒளிக்காத நாம் உள்ளத்தின் கணக்கை மட்டும் பூட்டி வைக்கிறோம்.

இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. முதற்காரணம், நாம் ஊரை விட்டு வந்தவர்கள். சொந்த ஊரில் மைத்துனன் என்று ஒருவன் இருப்பான், அத்தான் இருப்பார், மாமன் மகன் இருப்பான். கேலி செய்யும் உரிமையோடு, "ஏன் முகம் வாடியிருக்கிறது, வீட்டில் சண்டையா?" என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இங்கே அந்த உறவு முறை இல்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவர் நண்பர்தாம். ஆனால் பணிமூப்புப் பட்டியலில் அவர் நமக்கு ஒரு படி மேலேயோ கீழேயோ நிற்பவர். இன்று மாலை திண்ணையில் சொன்னது நாளைக் காலை அலுவலகத்தில் உலாவுமோ என்ற அச்சம் நாவைக் கட்டிவிடுகிறது.

இரண்டாவது காரணம் நம் வளர்ப்பு. ஐந்து வயதில் கால் இடறி விழுந்து அழுதபோதே, "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டு நம் கண்ணீரை நிறுத்தினார்கள். அன்று நின்றது இன்றும் நின்றே இருக்கிறது. மூன்றாவது காரணம், பேச்சின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. விடியற்காலையில் பூங்கொத்துப் படத்தோடு நாற்பது பேருக்கு வணக்கம் அனுப்புகிறோம். அந்த நாற்பது பேரில் ஒருவர் வீட்டுப் படியையாவது மிதித்து எத்தனை மாதமாயிற்று?

பழந்தமிழர் இப்படி இருந்தாரல்லர். பிசிராந்தையார் கதையை நம்மில் பலர் பள்ளியிலே படித்திருக்கிறோம். உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பரானவர்கள். தம் பெயரைச் சொல்லும்போது சோழன் பெயரையே தம் பெயராகச் சொல்லும் இயல்பு பிசிராந்தையாருக்கு உண்டு என்று அந்த மன்னனே கூறுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. இவற்றையெல்லாம் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தார். ஆயினும் அக்கதையில் நம் வயதினர்க்கென்றே அமைந்த இரண்டு செய்திகள் உண்டு. அவற்றைப் பள்ளி வயதில் உணர்ந்திருக்க இயலாது.

ஒன்று, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது ஏன் என்பது. பகைவனிடம் தோற்று அவன் வடக்கிருக்கவில்லை. பெற்ற மக்களே அவனை எதிர்த்து எழுந்தனர். பிள்ளைகளோடு மனம் முறிந்த ஒரு தந்தையின் துயரம் அது. அந்த நேரத்தில் அவன் தேடியது ஒரு நண்பனை, தன் பக்கத்தில் அவனுக்கு இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான், நண்பனும் வந்தான். மற்றொன்று, பிசிராந்தையாரைப் பார்த்து, ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்கள். அவர் மருந்தையும் சொல்லவில்லை, மூச்சுப் பயிற்சியையும் சொல்லவில்லை. மாட்சிமை மிக்க மனைவியை முதலிலே சொன்னார். அறிவு நிரம்பிய மக்களைச் சொன்னார். குறிப்பறிந்து நடக்கும் ஏவலரையும், அறம் வழுவாது காக்கும் அரசனையும் சொன்னார். முடிவாக, தம் ஊரில் வாழும் அடக்கம் மிக்க சான்றோர் பலரைச் சொன்னார். மனைவியில் தொடங்கி ஊராரில் முடிகிறது அந்தப் பட்டியல். மூப்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு உறவைப் பற்றி விடை கூறினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அது பழங்காலம் என்று தள்ளிவிட வேண்டா. நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திலேயே அதன் தொடர்ச்சி உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர். இந்நகரத்துப் பெண்கள் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்து 1931இல் ஓய்வு பெற்றார். தம்பானூருக்கு இரயில் வந்து சேர்ந்ததும் அதே 1931இல்தான் என்பதை இரயில்வேக்காரர் என்ற முறையில் நினைவூட்டுகிறோம். இங்கே அவருக்கு வாய்த்த நண்பர்களுள் ஒருவர், அக்காலத்தில் இந்நகரில் வழக்கறிஞராக இருந்த ச. வையாபுரிப் பிள்ளை. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகப் புகழ் பெற்றவர் அவரே. அவர் 1891இல் பிறந்தவர். கவிமணிக்குப் பதினைந்து ஆண்டு இளையவர். ஆசிரியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர். நாற்பது வயது ஒருவர்க்கு, இருபத்தைந்து வயது மற்றவர்க்கு. இந்த வேறுபாடுகள் அவர்கள் நட்புக்குத் தடையாகவில்லை.

அந்த நாற்பது வயதை ஒட்டித்தான் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்னும் நூலைத் 'தமிழன்' என்ற இதழில் தொடர்ந்து எழுதினார். நாஞ்சில் நாட்டில் அன்று ஒருவருடைய சொத்து அவர் பிள்ளைகளுக்குப் போகாமல் உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கணவன் கண்மூடினால் மனைவி மக்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அந்நூலைக் கவிமணி அமைத்தார். படிப்பவர் முதலில் சிரிப்பார். பிறகு சிரித்ததற்கு வருந்துவார். 1926இல் சட்டம் வந்து அவ்வழக்கம் மாறிற்று. நாற்பது வயது ஆடவர் ஒருவர் ஒரு பெண்ணின் நாவினால் இல்லறத்தின் துயரத்தைப் பேசினார். மற்ற ஆடவர்கள் அதைப் படித்துத் தம் வீட்டை நினைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் கூடிப் பேசும் பேச்சுக்கு அவ்வளவு வலிமை உண்டு.

கவிமணியின் சொந்த இல்லறமும் நினைக்கத்தக்கது. 1901இல் உமையம்மையாரை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைப் பேறு வாய்க்கவில்லை. அக்காள் மகனைத் தம் மகன்போல் வளர்த்தார்கள். மனைவியை அவர் "தாயி" என்றே அழைப்பார். நம்மில் எத்தனை பேர் மனைவியைப் பெயர் சொல்லியோ அன்புச் சொல் சொல்லியோ அழைக்கிறோம்? "இந்தா", "ஏய்", "கேட்டாயா" என்பவற்றைத் தவிர வேறு விளி நம் வீட்டில் உண்டா? தாய்மார்கள் சிரிக்கிறார்கள், விடை கிடைத்துவிட்டது.

கவிமணிக்கு வாய்த்த மற்றொரு நண்பர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் கூடினார்கள். அக்கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். நீதித்துறையைச் சேர்ந்த எஸ். மகராஜன் வந்தார், வருவாய்த்துறையில் பணியாற்றிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் வந்தார்; ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன் வந்தார். எல்லாரும் சம்பளக்காரர்கள், குடும்பஸ்தர்கள். அங்கே கம்பனைப் பாடினார்கள், முத்தொள்ளாயிரத்தைப் பாடினார்கள். முத்தொள்ளாயிரத்திலே மன்னனைக் கண்டு மயங்கிய பெண்களின் உள்ளம் பேசும் பாட்டுகளே மிகுதி. கச்சேரிக் கட்டுகளை வீட்டில் வைத்துவிட்டு வந்த நடுவயதினர் வட்டமாக உட்கார்ந்து காதற் பாட்டைப் பாடி, திரும்பப் பாடச் சொல்லி, அதன் பொருளைத் தம் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தார்கள். அவர்களுள் ஒருவரும் வெட்கப்படவில்லை. கவிதை அவர்களுக்குப் பேசுவதற்கு ஒரு வாசலாக இருந்தது.

பேச்சுப் பழகிய அந்த நட்பு துன்பக் காலத்தில் எப்படி உதவிற்று என்பதைப் பாருங்கள். டி.கே.சி.யின் ஒரே மகன் தீத்தாரப்பன். தீபன் என்ற பெயரில் எழுதிவந்தவர். அவர் இளமையிலேயே காலமானார். மகனை இழந்த நண்பருக்குக் கவிமணி இரங்கற் கவிதை எழுதி அனுப்பினார். தமக்கென்று பிள்ளை இல்லாத ஒருவர், இருந்த ஒரு பிள்ளையையும் இழந்துவிட்ட ஒருவருக்கு எழுதிய கவிதை அது. "தைரியமாக இருங்கள், எல்லாம் விதி" என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். நாம் இன்று கைகூப்பும் படத்தை அனுப்பி முடித்துக்கொள்வதில்லையா? கவிமணி நண்பரின் துயரத்துக்குள் தாமும் இறங்கினார். இருபது ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியவர்களுக்கே அது இயலும். துன்பம் வந்த அன்று புதிதாகத் தொடங்கினால் இயலாது.

அந்த வட்டத்தின் கதையில் மூப்பைப் பற்றிய பாடம் ஒன்றும் உண்டு. 1954 பிப்ரவரி 16இல் டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 26இல் கவிமணி மறைந்தார். டி.கே.சி.யின் அன்புக்குரிய கல்கியும் அதே ஆண்டு டிசம்பர் 5இல், ஐம்பத்தைந்து வயதில் மறைந்தார். மூவருக்கும் நண்பரான ராஜாஜி, வயதில் கல்கிக்கு இருபது ஆண்டுக்கு மேல் மூத்தவர். அவரோ 1972 டிசம்பர் 25 வரையில், மேலும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். நீண்ட ஆயுளை வேண்டிக்கொள்ளும் நாம், அந்த ஆயுளிலே நண்பர்களை ஒவ்வொருவராக வழியனுப்பும் பகுதியும் உண்டு என்பதை நினைப்பதில்லை. ஆகவே நம்மைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவர்களையும் நண்பராகக் கொள்ள வேண்டும். கவிமணிக்கு ஒரு வையாபுரிப் பிள்ளை வாய்த்தது போல.

நண்பரிடம் சொல்ல இயலாத துயரம் என்ன ஆகும் என்பதற்கும் இந்நகரத்திலேயே ஓர் இலக்கியச் சான்று உண்டு. நீல. பத்மநாபன் 1970இல் வெளியிட்ட 'பள்ளிகொண்டபுரம்' நாவலைப் படித்தவர்கள் அனந்தன் நாயரை மறந்திருக்க மாட்டார்கள். ஐம்பது வயதை எட்டியவர். மனைவி கார்த்தியாயினி அவரை விட்டுப் பிரிந்து வேறொருவரோடு வாழப் போய்விட்டாள். பிள்ளைகளை அவரே வளர்த்தார். பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய வீதிகளில், நாம் நாள்தோறும் நடக்கும் அதே வீதிகளில், தம் வாழ்க்கையை நினைத்து நினைத்து நடக்கிறார். நாவல் நெடுகிலும் அவருடைய உள்ளம் பேசிக்கொண்டே இருக்கிறது. கேட்பதற்கோ ஆள் இல்லை. அவருக்கு ஒரு வட்டத்தொட்டி இருந்திருந்தால் என்று படிக்கும்போது தோன்றும்.

மணம் செய்துகொள்ளாதவருக்கும் இது பொருந்தும். எழுத்தாளர் நகுலன் 1921இல் கும்பகோணத்தில் பிறந்து, இளமையிலேயே இந்நகருக்கு வந்து, மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். சுசீலா என்னும் பெண்ணின் பெயரைத் தம் எழுத்தில் வாழ்நாளெல்லாம் அழைத்துக்கொண்டே இருந்தவர். தனியராய் வாழ்ந்து 2007இல் மறைந்த அவரை முதுமையிலும் தேடி வந்தவர்கள் நண்பர்களே. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திவந்த எழுத்தாளர் ஆ. மாதவனின் கடை வாசலிலும் எத்தனையோ பேச்சு நடந்ததுண்டு. நட்புக்கு மாளிகை வேண்டா. கடை வாசல் போதும்.

பெரியோர் கதை இருக்கட்டும், நம்மைப் போன்றவர் கதை ஒன்று சொல்லுக என்பீர்கள். ஒன்று உண்டு. பெயரும் ஊரும் வேண்டா. சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு பணிபுரிந்த மூத்தவர் ஒருவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், வெள்ளிக் குத்துவிளக்குக் கொடுத்தோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகும் அவர் மாலைதோறும் பழைய கைப்பையோடு நிலையத்துக்கு வந்து, நடைமேடைப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். பழக்கம் விடவில்லை என்று பலரும் எண்ணினார்கள். எங்களில் ஒருவர், நாஞ்சில் நாட்டுக்காரர், ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி, வீட்டில் மதினி எப்படி இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். வண்டி இரண்டு வந்து போகும் வரையில் பெரியவர் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, அவளுக்கு ஞாபகம் தப்பிவிட்டது. நான் பக்கத்தில் இருந்தால் யார் என்று தெரிவதில்லை. அந்தி சாய்ந்தால், எங்கள் வீட்டுக்காரர் இன்னும் டியூட்டியிலிருந்து வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையோடு நான் வெளியே இருந்து வந்தால் மட்டும் அடையாளம் தெரிகிறது. வந்துவிட்டீர்களா என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் தினமும் இங்கே வந்து இருந்துவிட்டுப் போகிறேன்."

தாய்மார்களே, பெரியோர்களே! நாற்பது ஆண்டு இல்லறத்துக்குப் பின் ஓர் ஆண்மகன் தன் மனைவியின் ஒரு புன்னகைக்காக நாள்தோறும் ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்கிறான் என்றால், காதலுக்கு வேறு இலக்கணம் எழுத வேண்டுமா? அதை அவர் பத்து மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்தார். சொன்ன பிறகு என்ன நடந்தது? நோய் தீரவில்லை, தீரும் நோயும் அன்று. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் வீட்டில் யாரேனும் ஒரு சகோதரி துணையிருக்க ஏற்பாடாயிற்று. மறதி நோய்க்கென்று மருத்துவர் இருக்கிறார் என்று ஒருவர் கூட்டிச் சென்றார். பெஞ்சிலே அவர் பக்கத்தில் நாள்தோறும் ஒருவர் உட்கார்ந்தார். பெரியவர் எம்மிடம் பின்னொரு நாள், "சுமை அதே சுமைதான் தம்பி, தோள் மாற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது" என்றார்.

இது உணர்ச்சிப் பேச்சு மட்டும் அன்று; அறிஞர்களும் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1938இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவரும் பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பத்துச் சிறுவருமாக 724 பேர், அத்தனை பேரும் ஆண்கள், அவர்கள் வாழ்நாள் முழுவதும் பின்தொடரப்பட்டார்கள். அவ்வாய்வின் தலைவர் ராபர்ட் வால்டிங்கர் 2015இல் ஆற்றிய உரையொன்றில் அதன் முடிவைக் கூறினார். எண்பது வயதில் ஒருவர் நலமாக இருப்பாரா என்பதை, ஐம்பது வயதில் அவருடைய இரத்தக் கொழுப்பின் அளவைவிட, அவ்வயதில் அவருக்கு உறவுகளில் இருந்த மனநிறைவே நன்கு காட்டிற்றாம். பிசிராந்தையார் சொன்ன விடையும் இதுவே அன்றோ?

மற்றொரு கணக்கு மனத்தை வருத்துவது. ஆயினும் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர் 1,70,924 பேர் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். காரணங்களில் முதலிடம் குடும்பச் சிக்கல்களுக்கு. இத்தனை பேர்க்கும் நண்பர் இல்லாமல் இருந்திருக்க முடியாது. நண்பர் இருந்தும் அந்தப் பேச்சு இல்லாமற் போயிருக்கலாம்.

ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது அரிது என்பதையும் உலகம் கண்டுகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990களில் ஆண்களுக்கென்று பொதுப் பட்டறைகள் தோன்றின. அங்கே மரவேலை செய்வார்கள், பழுதான நாற்காலியைச் சரிசெய்வார்கள். கை வேலை செய்யும்போது வாய் தானே திறந்துகொள்ளும். தோளோடு தோள் நின்றால்தான் ஆண்கள் பேசுவார்கள் என்பது அவர்கள் கண்ட உண்மை. சங்கத்து விழாவுக்குப் பந்தல் கட்டும் நாளில், பொங்கலுக்கு அடுப்புக் கூட்டும் நாளில் நாம் எவ்வளவு மனம் விட்டுப் பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள், இது விளங்கும்.

இனி, பேசுவது எவ்வாறு என்பதைப் பற்றிச் சில சொற்கள்.

முதலாவது, கேட்பவர் தீர்ப்புக் கூறலாகாது. ஒருவர் தம் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கியதும், "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று நம் கதையை நுழைத்துவிடுகிறோம்; அல்லது அறிவுரையை அவிழ்த்துவிடுகிறோம். இரண்டும் வேண்டா. காது கொடுத்தாற் போதும்.

இரண்டாவது, மனைவியைப் பழிப்பது மனம் திறப்பது ஆகாது. நால்வர் கூடினால் மனைவியைக் கேலி செய்து சிரிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் நம்மைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "அவள் என்னோடு பேசுவதில்லை" என்பது குறை கூறுதல். "அவள் பேசாதபோது எனக்கு வீடு வெறிச்சென்றிருக்கிறது" என்பது மனம் திறத்தல். இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது.

மூன்றாவது, கேட்டது கேட்டவரோடு நிற்க வேண்டும். முத்திரையிட்ட பார்சலைப் பிரித்துப் பார்ப்பவன் நல்ல ஊழியன் அல்லன். நண்பர் ஒப்படைத்த சொல்லும் அத்தகையதே. அதைக் காலனியின் குழாயடிக்கும் கொண்டு போகலாகாது. அலுவலகத்தின் தேநீர் வேளைக்கும் கொண்டு போகலாகாது.

நான்காவது, மது உள்ளே போனால்தான் மனம் வெளியே வரும் என்று நம்புவோர் சிலர் உண்டு. கோப்பை திறந்த வாயைக் காலை நேரம் மூடிவிடும். சொன்னதும் நினைவிராது, கேட்டதும் நினைவிராது. சங்குமுகம் கடற்கரை இருக்கிறது; மியூசியம் தோட்டத்தில் நடைபாதை இருக்கிறது. ஒரு தேநீரோடு ஒரு மணி நேரம் நடந்தால் ஆண்டுக்கணக்கான முடிச்சும் நெகிழும்.

ஐந்தாவதே தலையாயது. நண்பரிடம் சொன்னது வீடு போய்ச் சேர வேண்டும். நட்பு திண்ணை, இல்லறமே வீடு. திண்ணையிலேயே படுத்து வாழ்நாளைக் கழிப்பவன் வீட்டுக்குரியவன் ஆகான். ஆயினும் திண்ணையைக் கடந்துதான் வீட்டுக்குள் போகவேண்டும். "எனக்குப் பயமாக இருக்கிறது", "எனக்கு வயதாகிறது", "அவள் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை" என்று நண்பரிடம் ஒருமுறை சொல்லிப் பழகிய நா, மனைவியிடமும் அதைச் சொல்லத் துணியும். நண்பரிடம் அன்பைப் பற்றிப் பேச அறியாதவர் மனைவியிடமும் பேச அறியமாட்டார். இதுவே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

இதற்குக் காலம் எது? ஓய்வு பெற்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் வழக்கமான விடை. அறுபதில் ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். ஒருவர் நாகர்கோவிலுக்கும் ஒருவர் மதுரைக்கும் ஒருவர் மகனிருக்கும் பெங்களூருக்கும் போய்விடுவோம். அன்று நண்பரைத் தேடுவது வண்டி புறப்பட்ட பின் பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்பதைப் போன்றது. நட்பை ஆழமாக்கும் வயது நாற்பதும் ஐம்பதுமே. வள்ளுவர் நட்பைப் பற்றியே ஐந்து அதிகாரம் வகுத்து, அவற்றுள் ஒன்றற்குப் 'பழைமை' என்று பெயரிட்டார். பழைமை ஒரே நாளில் வருவதன்று. இன்றே தொடங்கினால்தான் அறுபதில் அது பழைமையாகும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இச்சங்கக் கட்டடத்தில் நம் ஆடவர்கள் கூடட்டும். தலைவர் வேண்டா, தீர்மானம் வேண்டா, நன்றியுரை வேண்டா. ஒரு பாட்டை ஒருவர் படிக்கட்டும். பேச்சு தானே வரும். முப்பது வயது இளைஞரும் வரட்டும், எழுபது வயதுப் பெரியவரும் வரட்டும். செலவு தேநீருக்கு மட்டுமே. ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிப்போம். அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் மனைவியோடு உட்கார்ந்து உண்பதற்கு நேரம் இருக்க வேண்டும் அல்லவா?